இரண்டு பேருக்கும் ஓம்

எங்கள் மதுரைப் பக்கம் ஓம் என்பது கோயிலில் கேட்கிற சொல். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் குடியேறிய முதல் மாதம் எதிர்வீட்டு அக்கா அதை என்னிடம் சொன்னபோது, ஈழத் தமிழில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள் என்பது எனக்குத் தெரியாது.

குப்பை கொட்டக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் என் வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் கதவுகள் அப்படித்தான். வெளியே இருந்து சாவி போட்டால்தான் திறக்கும். சாவி உள்ளே கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம். கையில் காலி வாளியும் காலில் ரப்பர் செருப்புமாக விழித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் இரண்டு கைகளிலும் கடைப்பைகளோடு அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"தமிழோ?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாங்க. கதவு லாக் ஆயிடுச்சு. உங்களுக்கு இதைத் திறக்கத் தெரியுமா?"

"ஓம்."

தலையை லேசாகப் பக்கவாட்டில் சரித்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து அவர் அதைச் சொன்ன விதத்தில் அப்படி ஒரு உறுதி இருந்தது. பூட்டு வேலை தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய் ஒரு சோடாப் போத்தலையும் கத்திரிக்கோலையும் எடுத்து வந்தார். போத்தலை நீளவாக்கில் வெட்டி, அந்தப் பிளாஸ்டிக் தகட்டைக் கதவிடுக்கில் செருகி மேலும் கீழும் ஆட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. வேறு அளவில் வெட்டினார். முழங்காலால் தள்ளிப் பார்த்தார், தோளால் தள்ளிப் பார்த்தார். அவருடைய கணவர் இரவு வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் கையில் ரொட்டித் துண்டோடு வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"இவ முதல்ல ஓம் எண்டுவா, தங்கச்சி. கேள்வி என்னெண்டு பிறகுதான் கேட்பா."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அக்கா விடவில்லை. போத்தல்கள் தீர்ந்து, கடைசியில் ஒரு பழைய நாட்காட்டியின் பிளாஸ்டிக் அட்டையை வெட்டிச் செருகினார். டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது. என்னைவிட அவர்தான் அதிகம் திகைத்துப்போனார்.

"பாத்தியளே! எனக்குக் கதவு திறக்கத் தெரியும் எண்டு எனக்கே இப்பதான் தெரியும்" என்று சொல்லி, அந்தப் படிக்கட்டே அதிரச் சிரித்தார்.

ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். பின்னந்தலையில் இறுக்கிய கொண்டை. வீட்டில் இருக்கும்போது நைட்டிக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் கம்பளிச் சாக்ஸ், அதன்மேல் செருப்பு. அந்தத் தெருவில் இருந்த தமிழர்கள் எல்லாருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. எதற்கும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவரும் யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

வேலையும் அவருக்கு அப்படித்தான் கிடைத்திருந்தது. பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலைக்குப் போயிருக்கிறார். குழந்தைகளை வாரத்தில் ஒருநாள் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், நீந்தத் தெரியுமா என்று தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறாள். அக்கா "யா" என்றிருக்கிறார், அதுதான் ஜெர்மன் ஓம். வாழ்க்கையில் மார்பளவுத் தண்ணீரில்கூட இறங்கியதில்லை. நேர்முகம் முடிந்த கையோடு நகராட்சிக் குளத்தில் தொடக்க வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆறு வயது, ஏழு வயது.

"என்ன வெக்கம்? அதுகள் எனக்குப் பக்கத்தில நிண்டு, பயப்பிடாத, காலை அடி எண்டு சொல்லித் தந்ததுகள்" என்பார்.

அந்த வகுப்பில் தேறும் பிள்ளைகளுக்குக் கடல்குதிரைப் படம் போட்ட ஒரு துணிச் சின்னம் தருவார்கள். நீச்சல் உடுப்பில் தைத்துக்கொள்ளலாம். அக்கா அதைத் தன் குளிர்காலக் கோட்டின் உட்பக்கம் நெஞ்சுக்கு நேராகத் தைத்து வைத்திருந்தார். புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் கோட்டை விரித்துக் காட்டுவார்.

இப்படி எழுதினால் அவர் சொன்ன ஓம் எல்லாமே நல்லபடி முடிந்தது போலத் தோன்றும். அப்படியில்லை. அகதி மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு பெண் அவரிடம் அடிக்கடி வருவாள். வந்தபோதெல்லாம் ஒரே கேள்விதான். "அக்கா, என்ர கேஸ் சரிவருமோ?" அக்கா ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்து, "ஓம், கட்டாயம்" என்பார். சரிவரவில்லை. மனு தள்ளப்பட்ட அன்று அவள் வந்து வாசலில் நின்று கத்தினாள்.

"நீங்கள் ஓம் எண்டனீங்கள்! நான் அதை நம்பித்தான் கட்டில் வாங்கினனான், திரைச்சீலை தைச்சனான். உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டா தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே!"

அவள் கத்தி முடிக்கும்வரை அக்கா நின்றார். மறுநாள் போய், வீட்டைக் காலி செய்ய அவளுக்குச் சாமான் கட்டிக் கொடுத்தார். ஒரு வக்கீலைப் பிடித்துத் திரும்ப மனுப் போடவும் கூடவே அலைந்தார். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சொல்லின்மேல் முதல் தடவையாக ஒரு பயம் வந்தது. அதைக் கேட்டுக் கட்டில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த நவம்பரில்தான் வான்கோழி விஷயம் வந்தது.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி, டொராண்டோவில். தம்பிக்கு ஒரே மகள், ஜனனி, பன்னிரண்டு வயது. அந்த வருடம் சித்திரையில் தம்பியின் மனைவி நோயில் இறந்துபோயிருந்தார். விசா சரியாகி அக்கா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அப்பாவும் மகளும் டோர்ட்மண்டுக்கு வருவதாக ஏற்பாடு.

நான் அலுவலகம் விட்டு வந்து அக்காவின் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலிபெருக்கியில் ஜனனியின் குரல். அத்தையை அவர்கள் மாமி என்பார்கள்.

"மாமி, கிறிஸ்மஸுக்கு நீங்கள் டேர்க்கி செய்வீங்களா?"

அவர்கள் முருகன் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் கனடாவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் கிறிஸ்மஸ் மரமும் முழு வான்கோழியும் எப்படியோ வந்துவிடும். ஜனனியின் அம்மா ஒவ்வொரு வருடமும் செய்வாராம்.

"ஓம் குஞ்சு, செய்வன்."

"அம்மா செய்த மாதிரி?"

"ஓம்."

தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, டேர்க்கி எண்டா வான்கோழிதானே?"

"அக்கா, நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லை. கண்டிருக்கிறன். பெரிசு. கத்தும்."

அந்த வார இறுதியிலேயே தம்பி கூப்பிட்டார். அப்போதும் நான் அங்கேதான் இருந்தேன். தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"அக்கா, இந்த முறை ஒண்டும் வேண்டாம். மரம் வேண்டாம், டேர்க்கி வேண்டாம். என்னால பாக்க ஏலாது. புட்டும் மீன்குழம்பும் காணும். சும்மா வந்து இருந்திட்டுப் போறம்."

"ஓம் தம்பி."

அவர் தொலைபேசியை வைத்தார். நான்தான் கேட்டேன்.

"அக்கா, ரெண்டு பேருக்கும் ஓம்னு சொல்லிட்டீங்களே. எப்படி முடியும்?"

"பாப்பம்" என்றார். ஆனால் வழக்கமாக அதைச் சொல்லும்போது வருகிற சிரிப்பு வரவில்லை.

செய்வது என்று இறங்கியாயிற்று. ஆனால் ‘அம்மா செய்த மாதிரி’ என்றால் எந்த மாதிரி? அக்கா தொலைபேசி அட்டைகளை வாங்கிச் சுரண்டிச் சுரண்டி டொராண்டோவுக்கு அடித்தார். தம்பி மனைவியோடு வேலை செய்தவர்கள், கோயிலில் பழகியவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒருத்தி தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு என்றாள். ஒருத்தி தயிர் என்றாள். இன்னொருத்தி கறித்தூள் இல்லாமல் அவர் எதையும் அடுப்பில் வைத்ததே இல்லை என்றாள். எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள், செய்ததைப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை. தம்பியிடம் கேட்க முடியாது. பிள்ளையிடம் கேட்டால் மாமிக்குத் தெரியாது என்று தெரிந்துவிடும்.

நான் அலுவலகத்தில் ஒரு சமையல் குறிப்பை அச்செடுத்து வந்து வாசித்துச் சொன்னேன். அமெரிக்கக் குறிப்பு. சூட்டின் அளவு எல்லாம் வேறு கணக்கு. கால்குலேட்டரை எடுத்து மாற்றிக் கொடுத்தேன். அக்காவின் வீட்டில் ஓவன் ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் அதைப் போறணை என்றார். அதற்குள் தோசைக்கல், இடியப்ப உரல், மூடியில்லாத சட்டிகள் என்று பல வருடத்துச் சாமான் அடைந்து கிடந்தது. எல்லாவற்றையும் இறக்கி, கறை தேய்த்து, அது சூடாகிறதா என்று பார்ப்பதற்கே ஒரு சனிக்கிழமை போயிற்று. ஒத்திகைக்கு ஒரு கோழியை வைத்தோம். வெளியே கருகி, உள்ளே சிவப்பாக வந்தது. அக்காவின் கணவர் அதைப் பிய்த்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்.

வாரச் சந்தையில் கோழி விற்கும் மனிதரிடம் முழு வான்கோழிக்கு அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்தார். அந்த ஆள் பேசுவது அந்த வட்டாரத்துக் கடகடப் பேச்சு. பெரியதா என்றார், யா. ஆண் பறவையா என்றார், யா. உறைய வைத்ததா என்றாரோ என்னவோ, அதற்கும் யா. பண்டிகைக்கு முதல் நாளுக்கு முதல் நாள் போய் வாங்கினால் பாறாங்கல் மாதிரி ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் மாடிக்குத் தூக்கினோம். பால்கனியில் வைத்தால் மெல்ல இளகிவிடும் என்றார் அக்கா. அன்று இரவு கடும் குளிர். காலையில் பார்த்தால் முன்பைவிடக் கெட்டியாக, மேலே பனி பூத்து உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் தம்பியும் மகளும் வருகிறார்கள். அக்காவின் வீட்டில் அதை எங்கே வைத்தாலும் தம்பி கண்ணில் படும். ஆகவே அது என் வீட்டுக் குளியல் தொட்டிக்கு வந்து சேர்ந்தது.

மத்தியானம் முழுக்க நாங்கள் இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தோம். பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. கை விறைத்துப் போகும்போது அக்கா அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வார். அப்போது நான் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க்கா, உங்களுக்கு முடியாதுன்னு சொல்லவே வராதா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும் தம்பியும் பெர்லினில, ஷோனெஃபெல்ட் ஏர்போட்டில வந்து இறங்கினனாங்கள். எனக்கு இருபத்திரண்டு வயசு, அவனுக்குப் பதினாறு. பிளேனில அவன் கேட்டவன், அக்கா, போய் இறங்கினா எங்க போறதெண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டு. எனக்கு என்ன தெரியும்? ஒரு சொல்லு ஜெர்மன் தெரியாது. கொண்டுபோய் விடுற ஆள் வாசலில நிப்பானோ எண்டும் தெரியாது. நான் ஓம் எண்டன். உடன என்ர தோளில சரிஞ்சு நித்திரையாப் போனான். ரெண்டு நாளா நித்திரை இல்லாமல் இருந்த பிள்ளை." தண்ணீரைக் கையால் அளைந்தார். "இல்லை எண்டா ஆக்களின்ர முகம் சின்னனாப் போகுது, பிள்ளை. ஓம் எண்டா கொஞ்ச நேரம் கிடைக்குது. அந்த நேரத்துக்குள்ள ஓடி ஓடிப் பழகிப்போடலாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் ஏலாது" என்றார். கட்டில் வாங்கிய அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது.

வந்தார்கள். தம்பி நெடுநெடுவென்று, அக்காவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரம். எல்லாரையும் பார்த்து ஒழுங்காகப் புன்னகைத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஜனனி அவரிடம் எதையாவது சொல்ல வாயெடுப்பதும், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்வதுமாக இருந்தாள். வீட்டில் அம்மா என்ற பேச்சே எடுப்பதில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். அன்று இரவு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார்கள். ஜனனி கண்ணால் மாமியிடம் கேட்டாள். மாமியும் கண்ணாலேயே ஓம் என்றார்.

கிறிஸ்மஸ் அன்று காலை, எல்லாரும் உறங்கும்போதே முடித்துவிடலாம் என்று அக்கா என் வீட்டுக்கு வந்தார். வான்கோழி வெளியே இளகியிருந்தது. உள்ளே கை விட்டால் இன்னும் ஐஸ். "போறணைச் சூட்டில உருகும்" என்றார். அதை ஒரு பெரிய துவாலையில் சுற்றி, குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்தேன். எதிர்க் கதவும் அதே நேரம் திறந்தது.

நேர வித்தியாசத்தில் உறக்கம் வராத தம்பி, வாசலில் நின்று காற்று வாங்கலாம் என்று வெளியே வந்திருக்கிறார். துவாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, நான் வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே."

"சொன்னனீ."

"நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

அக்கா துவாலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. வழக்கம்போலச் சரிக்கட்டி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் எண்டது பிழை. இப்ப இல்லை எண்டு சொல்லுறன். உனக்கு நோகும், தெரியும். ஆனா பிள்ளை கேட்டவள். தாயைப் பற்றி அவள் வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான். அதுக்கு நான் மாட்டன் எண்டு சொல்ல மாட்டன்."

தம்பியின் முகம், அக்கா தொட்டியருகே சொன்னதுபோலவே, சின்னதாகப் போயிற்று. அக்கா கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி படியிறங்கினார். கீழே தெருக்கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லி, ஆளில்லாத தெருவில் நடக்கத் தொடங்கினார்.

மேலே வந்தேன். ஜனனி எழுந்து வந்து, மேசைமேல் கிடந்ததைப் பார்த்தபடி நின்றாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா கோவிச்சுக்கொண்டு போட்டாரா?"

"போட்டார். வருவார்." பிறகு அவளைக் கிட்டக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "குஞ்சு, உன்னட்டையும் ஒண்டு சொல்லவேணும். எனக்கு இது செய்யத் தெரியாது. ஒருநாளும் செய்யேல்ல. அம்மா செய்த மாதிரி வராது."

ஜனனி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நாங்கள் சும்மா செய்வம்" என்றாள்.

செய்தோம். பட்டரில் மிளகாய்த்தூளும் பூண்டும் பிசைந்து பூசினோம். தட்டு ஓவனுக்குள் போக மறுத்தது, பின்பக்கம் இடித்தது. கால்களைக் கம்பளி நூலால் இறுக்கிக் கட்டி, சாய்த்து, அக்கா முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு மூவரும் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா நடுநடுவே எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார்.

வெகுநேரம் கழித்து என் வீட்டிலிருந்து இன்னொரு தட்டை எடுக்கப் போனேன். தம்பி இரண்டு வாசலுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். மூக்கும் காதும் சிவந்திருந்தன. வாசம் படிக்கட்டு முழுக்க நிறைந்திருந்தது. உள்ளே போகாமல் அங்கேயே எவ்வளவு நேரம் நின்றாரோ.

"தங்கச்சி, அதின்ர வயித்துக்குள்ள ஒரு பை இருக்கும். ஈரல், கழுத்து எல்லாம் போட்டு. எடுத்தனீங்களோ?"

"பையா? எந்தப் பை?"

அவர் என்னைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினார். ஓவன் கதவைத் திறந்து, தட்டை இழுத்து, கிடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினார். பாதி ஐஸும் பாதி ஆவியுமாக ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வந்தது. ஒரு ஓரம் மட்டும் சுருண்டிருந்தது. அதைக் கிடுக்கியில் பிடித்தபடி நின்றார். தண்ணீர் தரையில் சொட்டியது.

"அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் ஜனனி.

அவர் பையைக் கழுவுதொட்டியில் போட்டார்.

"உன்ர அம்மா முதன்முதல் செய்யேக்க" என்று தொடங்கினார். "நீ பிறக்கேல்ல. பேஸ்மெண்ட் வீட்டில இருந்தனாங்கள். வேலை இடத்தில ஆரோ சொல்லிச்சினம் எண்டு வாங்கி வந்திட்டா. பை இருக்கெண்டு அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழுக்க உருகிப் பிளாஸ்டிக் மணம். நெருப்பு அலாரம் அடிச்சு, மேல் வீட்டு வெள்ளைக்காரன் கீழ ஓடி வந்து…"

"அம்மா அழுதாவா?"

"அழுகிறதோ? என்னை ஏசினவ. நான் பாத்திருக்க வேணுமாம்."

ஜனனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்தது. அப்பா கிடுக்கியை வைத்துவிட்டு, ஈரக் கையோடே அவளைப் பிடித்து அணைத்துக்கொண்டார். அக்கா தரையைத் துடைக்கக் குனிந்தவர், நெடுநேரம் அங்கேயே துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தம்பிதான் பொறுப்பெடுத்தார். தோலுக்கு அடியில் விரலை விட்டுப் பட்டரைத் தள்ள வேண்டும் என்று மகளுக்குக் காட்டினார். மேலே அலுமினியத் தாளை மூடினார். தேசிக்காயைப் பிழிந்து, தோலை வயிற்றுக்குள் போட்டார். "அம்மா இதைச் செய்வா" என்று அவர் சொல்ல, "ஓம், கராம்பும் போடுவா" என்று ஜனனி சொன்னாள். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி தெரிந்திருந்தது. இத்தனை நாள் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

மத்தியானச் சாப்பாடு இருட்டுகிற நேரத்துக்குத்தான் ஆயிற்று. அக்காவின் கணவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து வெட்டினார். வெளியே நல்ல நிறம். ஜனனி முதல் துண்டை வாயில் போட்டு மென்றாள். நாங்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம்.

"அம்மா செய்த மாதிரி இல்லை" என்றாள்.

அவளுடைய அப்பா ஒரு துண்டு எடுத்து மென்று பார்த்தார்.

"இல்லைத்தான்" என்றார். "அம்மாட இன்னும் காஞ்சிருக்கும். தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் விழுங்க வேணும்."

அக்காவின் கணவர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். அந்த மனிதர் சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு எல்லாரும். அக்கா முந்திய நாள் மீன்குழம்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என் காதில் சொன்னார், "பிள்ளை, பஞ்சு மாதிரி இருக்குது. எனக்குப் பிடிக்கேல்ல. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அன்று தம்பி பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேஸ்மெண்ட் வீடு, முதல் பனி, மனைவி சாரதிப் பரீட்சையில் இரண்டு தடவை தவறியது, ஜனனி பிறந்த அன்று மருத்துவமனைக்குப் போகும் வழியில் மனைவி பிடிவாதமாக இறங்கிக் கொத்துரொட்டி வாங்கியது. ஜனனி நடுநடுவே, "அது எனக்கு ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குடும்பப் பேச்சு நடக்கிறதே என்று நான் எழுந்தபோது அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

தட்டுகளை எடுக்கும்போது, எலும்புகளை அக்கா குப்பைப் பைக்குள் தள்ளப் போனார். தம்பி எழுந்து வந்து தடுத்தார்.

"எறியாதேங்கோ அக்கா. நாளைக்கு நானும் பிள்ளையும் சூப் வைக்கிறம். பெரிய சட்டி ஏதும் இருக்கோ?"

"கீழ நிலவறையில இருக்கு" என்றார் அக்கா. கணவர் போகிறேன் என்றார், நான் போகிறேன் என்றேன். அவர் யாரையும் விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சட்டியை எடுக்கத் தானே படியிறங்கிப் போனார்.